போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்குதல்: தமிழ்நாட்டு அனுபவமும் கரிசல் வட்டாரமும்

போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்குதல் என்றால், தடைசெய்த ஒரு பொருளை விற்கவும் வாங்கவும் அரசே வழி திறந்துவிடுவது. கையில் வைத்திருந்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவது வேறு. அது தண்டனை நீக்கம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதாலேயே இந்த விவாதம் அடிக்கடி முட்டுச்சந்தில் போய் நிற்கிறது. தடையை எடுத்துவிட்டால் அடிமைப்பழக்கமும் குடும்பங்களுக்கு அதனால் வரும் கேடும் குறையுமா என்று பேசுகிறவர்கள் போர்ச்சுகலையும் கனடாவையும் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மது என்ற ஒரே பொருளை 1937 முதல் தடைசெய்தும், திறந்துவிட்டும், மறுபடி மூடியும், மறுபடி திறந்தும் பார்த்த மாநிலம் தமிழ்நாடு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று விரியும் கரிசல் வட்டாரமும் அந்தச் சோதனைகளைக் கடந்தே வந்திருக்கிறது.

உரிமக் கடைகளின் காலம்

பிரிட்டிஷ் ஆட்சியில் கஞ்சாவும் அபினும் குற்றப்பொருள்கள் அல்ல. 1878-ஆம் ஆண்டின் அபின் சட்டமும் 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (கலால்) சட்டமும் போதைப்பொருளை வரிக்கும் உரிமத்துக்கும் உட்பட்ட சரக்காகவே நடத்தின. 1893-இல் அமைக்கப்பட்ட ஏழு பேர் கொண்ட இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. அளவோடு பயன்படுத்துவோருக்குப் பெரிய தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் கொண்டு கட்டுப்படுத்தினால் போதும் என்று அது அறிக்கை கொடுத்தது. சட்டபூர்வமாக்கலை ஆதரிப்பவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். விரிவான, உழைப்பு மிக்க அறிக்கைதான். ஆனால் அதைக் கேட்டு வாங்கிய அரசுக்கு அந்தச் சரக்கில் வருமானம் இருந்தது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்கவேண்டும்.

1882-இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி இந்தக் காலத்தவர். அவரோடு பழகியவர்களின் நினைவுக்குறிப்புகளில் அவருடைய போதைப்பழக்கம் பற்றிய செய்தி வருகிறது, வ.உ.சி. எழுதியதும் அவற்றில் ஒன்று. அந்தப் பெரிய கவியைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உரிமக் கடையில் சரக்கு வாங்கியதற்காக எவரையும் போலீஸ் பிடிக்காத காலத்திலும் பழக்கம் மனிதரைப் பற்றிக்கொண்டது, அவ்வளவு பேரறிவு படைத்தவரைக்கூட. அதிலிருந்து மீட்டெடுக்க இன்றுள்ளதுபோன்ற மருத்துவம் அன்று இல்லை.

மதுவிலக்கு வந்ததும் போனதும்

எட்டயபுரத்துப் பாரதி மணிமண்டபத்தை 1947 அக்டோபரில் திறந்துவைத்தவர் ராஜாஜி. அதற்குச் சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணப் பிரதமராகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவரும் அவரே. ஆப்காரி வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948-இல், அது மாகாணம் முழுவதற்கும் வந்தது.

1971 ஆகஸ்ட் இறுதியில் மு.கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. நிதி நெருக்கடியே காரணமாகச் சொல்லப்பட்டது. முதுமையிலும் ராஜாஜி முதல்வரைத் தேடிச் சென்று வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981-இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார், 1983-இல் மொத்த விற்பனைக்காக அரசின் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மீண்டும் தடையாயின. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கின் கையில் கொடுத்தது. இத்தனை மாற்றங்களிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. மது வருமானத்துக்கு ஈடாக வந்த விற்பனை வரி, மது வருமானம் திரும்பி வந்த பிறகும் நீடித்தது.

அரசே கடைக்காரராக

2003-க்குப் பிறகு நடந்ததுதான் சட்டபூர்வ விற்பனையின் மிகப் பெரிய தமிழ்நாட்டுச் சோதனை. முதல் ஆண்டுகளில் சில ஆயிரம் கோடியாக இருந்த வருமானம் 2023-24-இல் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2024-25-இல் 48,000 கோடியைத் தாண்டியது. விலையேற்றமும் வரியேற்றமும் இதில் உண்டு. என்றாலும், இவ்வளவு வருமானம் தரும் விற்பனையைக் குறைக்க எந்த நிதித்துறையும் எளிதில் மனம் கொள்ளாது. கடையைக் கட்டுப்படுத்த வேண்டிய அரசே கடையின் முதலாளியாக இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் குடிப்பதாகப் பதிவாகியிருக்கிறது. நாடு முழுவதற்கும் இது 19 சதவீதத்தை ஒட்டியது. பெண்களில் குடிப்பவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் விலையைக் கொடுப்பவர்கள் அந்தப் பெண்கள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் ஒரு பெண் வாரமெல்லாம் சேர்க்கும் கூலிதான், புருஷனின் கூலி கடைக்குப் போகிற வீட்டில் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஆகிறது. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. அவை ஊருக்குள் இடம் தேடியபோது மாநிலமெங்கும் மறித்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இந்த விவாதத்தில் அவர்களுடைய குரலுக்கு முதல் இடம் தரவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கடை திறந்திருந்தும் கள்ளச்சாராயம்

சட்டபூர்வமாக்கினால் கள்ளச்சந்தை தானாக ஒழியும் என்ற வாதத்துக்குக் கள்ளக்குறிச்சி ஒரு கசப்பான பதில். 2024 ஜூனில் அங்குள்ள கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர். இரண்டு முறையும் டாஸ்மாக் கடைகள் திறந்தே இருந்தன. 2024-இல் சாதாரண குவார்ட்டரே 140 ரூபாயாக இருந்தது. பாக்கெட் சாராயத்தின் விலை அதில் பாதிகூட இல்லை. மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒருவர் எதை வாங்குவார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. பிழைத்தாலும் பார்வை போகலாம். வரியைக் கூட்டினால் குடி குறையும் என்பது உண்மை. ஒரு கட்டத்துக்கு மேல் அதே வரி ஏழையை விஷத்திடம் தள்ளும் என்பதும் உண்மை. பீகார் 2016-இல் முழுமதுவிலக்கு கொண்டுவந்த பிறகு 2022 டிசம்பரில் சாப்ராவில் பலர் இவ்வாறே இறந்தனர். ஆக, கள்ளச்சாராயச் சாவு தடையுள்ள மாநிலத்துக்கு மட்டும் உரியதல்ல.

சுண்ணாம்பு தடவிய கலயம்

தூத்துக்குடி மாவட்டத்தில் பனை பலருக்குப் பிழைப்பு. பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். பதநீர் இறக்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். கள் இறக்கினால் வழக்கு. கள்ளில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தைச் சுற்றி. அரசு கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம். செ.நல்லசாமி தலைமையிலான கள் இயக்கம் பல ஆண்டுகளாக இந்த முரணைத்தான் சுட்டிக்காட்டி வருகிறது. அண்டை மாநிலமான கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. கள்ளும் குடும்பத்தைக் கெடுக்கும், கலப்படமும் செய்வார்கள் என்ற எதிர்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தடைக்கு அளவுகோல் தீங்குதான் என்றால், எட்டு மடங்குக்கும் மேல் கடுமையான சரக்கை விற்கும் அரசு, மரமேறுபவர் மேல் வழக்குப் போடுவதில் நியாயம் இல்லை.

கஞ்சாவும் மாத்திரையும்

1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவின் பழைய உரிமக் கடை முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்படி ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சா சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு, பத்தாண்டுக்குக் குறையாத சிறை. தமிழ்நாட்டுக்கு வரும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. தென்கடற்கரை வழியாகப் படகேறி இலங்கைக்கும் போகிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் 2021 ஏப்ரலில் மரத்தடிகள் வந்த கண்டெய்னரில் 300 கிலோ அளவுக்குக் கொக்கைன் பிடிபட்டதும் நினைவிருக்கும். 2022-இல் தமிழ்நாடு போலீஸ் ‘கஞ்சா வேட்டை’ நடத்தியது. கிடுக்கிப்பிடி இறுகும்போது இளைஞர்கள் சிலர் வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வது கஞ்சாவைவிடப் பெரிய ஆபத்து. மருத்துவர் சீட்டோடு விற்கவேண்டிய மருந்து அது. சட்டபூர்வமான சரக்கும் கட்டுப்பாடு தளர்ந்தால் தெருவுக்கு வந்துவிடும்.

2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு, நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி என்றது. இந்த வேறுபாடு முழுவதும் சட்டத்தால் வந்ததல்ல, பழக்கவழக்கமும் இருக்கிறது. ஆயினும் கடையில் கிடைப்பது பரவும் என்பதை மறுக்க இடமில்லை.

பிற நாடுகள்

போர்ச்சுகல் 2001-இல் சிறிய அளவு வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது, விற்பனையைத் திறந்துவிடவில்லை. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் போகாமல் ஆலோசனைக் குழுவின் முன் போனார். சிகிச்சையும் கூடவே விரிந்ததால் ஊசி வழிப் பரவும் எச்.ஐ.வி. பெரிதும் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021-இல் தண்டனையை நீக்கியது. சிகிச்சை ஏற்பாடு பின்தங்கியது. 2024-இல் தண்டனையைத் திரும்பக் கொண்டுவந்தது. தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைத் திறந்துவிட்டு, 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திருத்திக்கொண்டது.

சிகிச்சை

இந்தியச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவுக் குற்றத்தில் சிக்கிய அடிமைப்பட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. வக்கீல் வைக்க வழியில்லாத பையனுக்கு இதைக் காவல் நிலையத்திலேயே எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை மருத்துவமனையோடு நிற்காமல், மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாம் போட்டு, குடும்பத்தாரையும் உட்காரவைத்துச் சிகிச்சை கொடுத்தது. தமிழ்நாடு அரசும் 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது.

எட்டயபுரத்துக் கூலித்தொழிலாளி ஒருவர் சிகிச்சைக்காக மாவட்டத் தலைநகருக்குப் போய்த் தங்கினால் அத்தனை நாளும் வீட்டில் ஒரு கூலி குறையும். மையத்தை ஊருக்கு அருகே கொண்டுவருவதும், சிகிச்சை நாட்களில் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுப்பதும், வீடு திரும்பியவரை ஓராண்டாவது ஒருவர் தொடர்ந்து பார்த்துவருவதும் இல்லாமல் சிகிச்சை நிலைக்காது. இதற்கான பணம் மது வருமானத்தில் இருக்கிறது.