நாணயம் வீழ்ந்தால்?

2016 நவம்பர் 8 நள்ளிரவில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செத்தன. புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு! 14ஆம் நாள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் அவற்றை வாங்கவும் தடை வந்தது. ஏழை உழவனை ஓரளவு தாங்கியவை கடைக்காரர் தந்த கடனும் நியாயவிலை அரிசியுமே.

"பணம் போனால் போகட்டும்; பண்டை நெற்கூலி போதுமே!" என்பார் உளர். அரியலூர்ச் சீமையின் கங்கைகொண்ட சோழபுரக் கல்வெட்டைக் காணுங்கள்! கோயிலுக்குக் கலம் கலமாய் நெல் குவிந்தது. நாம் கேட்கிறோம்: விளைவித்தோன் குதிர் நிறைந்ததா? பிற்காலப் பண்ணையிலோ மரக்கால் ஆண்டையின் கையில்; நெல்லோடு கடனும் சேர்ந்து பண்ணையாளைப் பிணித்தது. காசுக்கூலியே அவன் வெளியேற வழி திறந்தது.

எனவே, நாணயம் வீழும் நாளில் நம்மைக் காக்கப்போவது பழம்பெருமையன்று. பொதுக் களஞ்சியமும், நாணயமான கூட்டுறவும், எல்லோருக்கும் ஒரே மரக்காலுமே!