டிரைவர் சிடிப் பை

விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். மனு, டெண்டர், கல்யாணப் பத்திரிகை என்று அச்சு வேலை பெருகப் பெருக, டைப்ரைட்டர் இருந்த மேஜைகளில் கம்ப்யூட்டர் ஏறியது. அந்தச் சமயத்தில் சிஸ்டம் சர்வீஸுக்கு வந்தவன் நான். கடை விழுப்புரத்தில்; வேலையில் பாதி திண்டிவனத்தில். தொழிலுக்கு முதல் என்றால் ஸ்குரூடிரைவரைவிட டிரைவர் சிடிகள் அடுக்கிய பைதான்.

விண்டோஸ் 98 புதிதாக ஏற்றிய மெஷின் பெரும்பாலும் 640×480, 16 நிறத்தில்தான் கண் திறக்கும். “அண்ணே, எழுத்தெல்லாம் பெருசு பெருசா நிக்குது, பேஜ்மேக்கர்ல கால் பக்கம்தான் தெரியுது” என்பார்கள். ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த விஜிஏ முறை அது. எந்த டிஸ்ப்ளே சிப்பும் அந்த ஒரு பாஷையைப் பேசும். அதற்கு மேல் போக, அந்தந்த சிப்புக்கு உரிய டிரைவர் வேண்டும். மதர்போர்டோடு வந்த சிடியோ எப்போதோ தொலைந்திருக்கும். டயல்அப் இணைப்பில் டிரைவரை இறக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். சென்னை ரிச்சி தெருவுக்கு பார்ட்ஸ் வாங்கப் போகிறவர்கள் சிடியையும் நகலெடுத்து வருவார்கள். எக்ஸ்பி வந்தபின் டிவைஸ் மேனேஜரில் உள்ள எண்ணைப் பார்த்தே சிப் யாருடையது என்று சொல்லிவிடுவோம்: 8086 இன்டெல், 10டிஇ என்விடியா, 1039 சிஸ், 1106 வியா.

குண்டு மானிட்டர் போய் எல்சிடி வந்ததும் நோய் மாறியது. எல்சிடியில் புள்ளிகள் இத்தனை என்று கண்ணாடியிலேயே முடிவாகிவிட்டது. அகலத்திரையில் 1024×768 வைத்தால் படம் இழுபட்டு, பத்திரிகையில் போட்ட வட்டம் கோழிமுட்டையாகும். 1366×768 திரைக்கு இன்னொரு வில்லங்கம்: பழைய சிப்கள் பலவும் எட்டால் வகுபடும் அகலத்தையே ஏற்கும். 1366 வகுபடாது. அதனால் 1360இல் நிறுத்திச் சமாளித்தோம்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் இருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பரை மாற்ற முடியாது. அதற்காகவே பிள்ளைகள் வேறு விண்டோஸ் ஏற்றி, டிஸ்ப்ளே டிரைவர் இல்லாமல் எங்களிடம் தூக்கி வந்தார்கள்.

2015இல் வந்த விண்டோஸ் 10 டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொண்டது. சிடிப் பைக்கு வேலை போயிற்று. கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் நடுவே நிற்கும் ஆள் மட்டும் இன்னும் தேவைப்படுகிறார். திரை தன் அளவைச் சொல்லும் முறையை 1994இலேயே வகுத்துவிட்டார்கள். விஜிஏ கேபிளில் அந்தச் சேதி போக 12, 15ஆம் பின்கள். ஒன்று வளைந்தாலும், மலிவான கேபிளில் அந்தக் கம்பி இல்லாவிட்டாலும், புது மெஷினும் திரையின் அளவு தெரியாமல் 1024×768இல் போய் நிற்கும். ஆகவே ரெசல்யூஷன் கோளாறு என்று யார் வந்தாலும் டிரைவரைத் தொடுமுன் கேபிளை மாற்றிப் பார்க்கிறேன். பல நாள் அதோடு வேலை முடிந்துவிடுகிறது.