மண்ணில் கிடந்த மைக்கோல்

கீரிமலைக் கேணியில் நீராடுவோர், கடலருகே சுண்ணக்கல்லின் அடியால் ஊறிவரும் நன்னீரை வியப்பர். அதே கல்லின் மேற் படிந்த மண்ணில் புதைந்துள்ள வரலாற்றை எண்ணுவோர் சிலரே. இங்கிருந்து தெற்கே சில மைல் தொலைவில், சுன்னாகத்தை அடுத்துள்ளது கந்தரோடை. அதன் தொன்மையை ஆராயப் புகுந்த முன்னோடி, அகழ்வைத் தொழிலாகக் கொண்டவரல்லர், போல் ஈ. பீரிஸ் (1874–1959) என்னும் சிங்கள அறிஞர், குடியேற்ற அரசின் சிவில் சேவை அதிகாரி.

றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917, 1919 ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் இன்றும் படிக்கத்தக்கன. முருகைக்கல்லாலான சிறு தூபிகளின் சிதைவுகள், முத்திரை குத்திய பழங்காசுகள், உரோம நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள், மணிகள் என அவர் கண்டவை பல. அவற்றுள் நம் மனத்தைக் கவர்வன சில செப்புக் கோல்கள். எகிப்திய மாதர் கண்ணுக்கு மை தீட்டிய கோல்களோடு அவற்றை அவர் ஒப்பிட்டார். ஒப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகிவிடாது. எனினும், அரசர் பெயர்களையே நெட்டுருச் செய்யும் நம் மாணாக்கருக்கு, இவ்வூர்ப் பெண்ணொருத்தி மையிட்ட கோலும் வரலாறே என்பது புதுமையாகத் தோன்றும்.

பீரிசின் கட்டுரைத் தலைப்பு நாகதீபத்தையும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களையுமே சுட்டுகின்றது. அவர் கந்தரோடைக்கு வருமுன்னரே, எகிப்தில் பல்லாண்டு அகழ்ந்த பிளின்டேர்ஸ் பெற்றி (1853–1942), கல்லறை மட்கலங்களின் வடிவ மாற்றத்தைக் கொண்டு, எழுத்துத் தோன்றுமுன் வாழ்ந்த மக்களின் காலவரிசையை வகுத்திருந்தார். கந்தரோடை ஓடுகளோ 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அகழும்வரை காத்திருந்தன. தென்னிந்தியப் பெருங்கற் பண்பாட்டுக்குரிய கறுப்புச் சிவப்பு மட்கலங்கள் அப்போது வெளிப்பட்டன. தூபிகள் எழுமுன்னரே அங்கு மக்கள் குடியிருந்தனர் என்பது தெளிவாயிற்று.

தூபியைக் கண்டதும் 'இது எமது' என ஒரு சாரார் உரிமை கோருவதும், பௌத்தமெனில் நமக்கு வேண்டா என மற்றொரு சாரார் முகந் திருப்புவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். மணிமேகலையை வகுப்பிற் கற்பிக்கும் நமக்குத் தமிழ்ப் பௌத்தம் எவ்வாறு அந்நியமாகும்? தம் மணலடியிற் கிடக்கும் வரலாற்றைத் தமிழ் மக்கள் உணரவேண்டும் என விரும்பி எழுதியவர் பீரிசே. அச்சொல்லை நம்மவர் அடிக்கடி மேற்கோள் காட்டுவர். கட்டுரையை முழுதும் படித்தவரைக் காண்பது அரிது!

அடுத்த முறை மாணாக்கரைக் கந்தரோடைக்கு அழைத்துச் செல்லும்போது, தூபிகளைக் காட்டியபின் அயலிலுள்ள தோட்ட வரம்புகளிலும் சற்றே குனிந்து நடக்கச் சொல்ல எண்ணியுள்ளோம்.