ரெட்வுட் காட்டு வழியே

சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வடக்கே, 101ஆம் நெடுஞ்சாலையில் நான் பயணம் செய்தேன். ஹம்போல்ட் மாவட்டத்துக் காட்டினுள் வண்டி நுழைந்ததும், நண்பகலிலேயே அந்தி வந்தது போலிருந்தது. இருமருங்கும் ரெட்வுட் மரங்கள். இவை நம் நாட்டுச் செம்மரங்கள் அல்ல; முந்நூறு அடிக்கு மேலும் ஓங்கும், உலகிலேயே மிக உயர்ந்த மரங்கள். கடலிலிருந்து வரும் மூடுபனியில் நனைந்து, ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தவையும் இவற்றுள் உண்டு.

1917ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன், கிராண்ட், மெரியம் என்னும் மூவர் இப்பகுதிக்கு மோட்டாரில் வந்தனர். இத்தகைய மரங்கள் திராட்சைக் கொடிக்கு ஊன்றுகோலாகவும், இருப்புப்பாதைக் கட்டைகளாகவும் வெட்டப்படுவதைக் கண்டு வருந்தினர். மறு ஆண்டே ரெட்வுட் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. அது நன்கொடை திரட்டித் தோப்புத் தோப்பாக நிலத்தை விலைக்கு வாங்கியது.

அப்பால் யூரிக்கா என்னும் கடற்கரை நகரம். பொன் வேட்டைக் காலத்தில், 1850இல் எழுந்த இவ்வூர் மர வாணிகத்தால் செழித்தது. மரவணிகர் கார்சன் கட்டிய மாளிகையின் வேலைப்பாட்டை வியந்து நின்றேன். அதற்காக வீழ்ந்த மரங்களையும் எண்ணினேன்.

இன்னும் வடக்கே, ஆரிக் என்னும் சிற்றூரை அடுத்துத் தேசியப் பூங்கா. 1968இல் சட்டம் அதனை அமைத்தது. ஆயினும் எல்லைக்கு வெளியே, மேட்டுச் சரிவுகளில் கோடரி ஓயவில்லை. மழை அடித்து வந்த வண்டல் ஓடையை நிரப்பி, கரையில் நின்ற பெருமரங்களை அச்சுறுத்தியது. எனவே 1978இல் பூங்காவின் எல்லை விரிக்கப்பட்டது.

பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. மாணவ நண்பர்களே, மரத்தைக் காக்க வேண்டுமாயின், அதற்கு மேலுள்ள மலையையும் அருகில் ஓடும் நீரையும் சேர்த்தே காக்க வேண்டும். இதனை உணர்ந்து சட்டமாக்க அந்நாட்டாருக்கு அறுபது ஆண்டுகள் ஆயின.