முட்டிக்கு மருந்தான இரும்பு

இரண்டாம் உலகப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சிகாகோவின் ஏரிக்கரையில் ஹோட்டலாக இருந்த ஒரு கட்டடத்தை அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டு, கார்டினர் பொது மருத்துவமனை என்று பெயர் வைத்திருந்தது. அங்கே முட்டி கெட்டுப்போய் வந்த சிப்பாய்கள் ஏராளம். ஜவ்வு கிழிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, மாவுக்கட்டும் பிரித்தாயிற்று. ஆனாலும் மாதக்கணக்கில் வார்டிலேயே கிடந்தார்கள். எழுந்து நின்றால் முட்டி மடங்கிக்கொண்டது; படியிறங்கப் பயந்தார்கள்.

டேப்பை எடுத்துத் தொடையை அளந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அடிபட்ட காலின் தொடை சூம்பிப்போயிருந்தது.

தொடையின் முன்புறம் நான்கு பிரிவாக இறங்கி, முட்டிச் சில்லு வழியாக முட்டிக்குக் கீழே கணைக்கால் எலும்பில் போய்ப் பிடிக்கும் பெருந்தசை ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைக் குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது, இறங்கும்போது உடல் பாரத்தைத் தாங்குவது எல்லாம் இதன் வேலை. முட்டியில் நீர் கோத்துக்கொண்டால் இந்தத் தசை முழு பலத்தோடு சுருங்குவதில்லை. 1965-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல நிலையில் இருந்த முட்டிக்குள் ஊசி வழியாகத் திரவத்தைச் செலுத்திப் பார்த்தபோதே தசை தளர்ந்தது. ஆக, வீக்கத்தால் தசை முடங்கும். தசை மெலிந்தால் பாரம் மூட்டின் மேல் இறங்கி வீக்கமும் வலியும் கூடும்.

இந்தச் சுழலை உடைக்கப் போர்க்காலத்தில் இருந்த வைத்தியம் சாதுவானது. லேசான எடையை நூற்றுக்கணக்கான தடவை அசைக்கச் சொல்வார்கள், சைக்கிள் மிதிக்கச் சொல்வார்கள். கனமான எடை என்றால் மூட்டு கெட்டுவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் இல்லாதவர் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் ராணுவ மருத்துவர். விடலைப் பருவத்தில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். உடலை அலட்டிக்கொள்ளாதே என்ற அறிவுரையை மீறிப் பளு தூக்கித் தன்னைத் தேற்றிக்கொண்டவர். தனக்குப் பலித்ததைச் சிப்பாய்களுக்கும் செய்து பார்த்தார்.

கருவி எளிமையானது. நோயாளி மேசை விளிம்பில் கால் தொங்க உட்காருவார். பாதத்தில் இரும்புக் காலணி ஒன்றை வாரால் கட்டுவார்கள். அதன் குறுக்கே ஒரு கம்பி. கம்பியின் இரு பக்கமும் எடைத் தட்டுகள். காலை மெதுவாக நீட்டி, முட்டி நேரானதும் மெதுவாக இறக்க வேண்டும். பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத எடை எதுவோ, அதுதான் அந்தக் காலின் அளவுகோல். வாராவாரம் சோதித்து எடையைக் கூட்டுவார்கள்.

தொடை பருத்தது, நடை திரும்பியது. 1945-இல் டிலோர்ம் தன் கட்டுரையை வெளியிட்டார். குறைந்த தடவை, அதிக எடை என்றால் பலம் வளரும். அதிக தடவை, குறைந்த எடை என்றால் தாக்குப்பிடிக்கும் திறன் வளரும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது என்பது அதன் சாரம். 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து முறையை இன்னும் சுருக்கினார். அளவுகோல் 10 கிலோ என்றால் முதலில் 5 கிலோ பத்து முறை, பிறகு 7.5 கிலோ பத்து முறை, கடைசியில் 10 கிலோ பத்து முறை. அவ்வளவுதான். இன்று ஜிம்மில் மூன்று செட், பத்து ரெப் என்று எண்ணுகிறவர்கள் அந்தக் கணக்கைத்தான் தொடர்கிறார்கள்.

டிலோர்மின் நோயாளிகள் இளம் சிப்பாய்கள். அறுபது வயதில் மூட்டுத் தேய்மானத்தோடு வருகிறவருக்கு இது ஆகுமா? "ஏற்கெனவே தேஞ்சுபோன மூட்டு, இதுல எடை வேற தூக்கணுமா?" என்று கேட்காத வீடு இல்லை. அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 439 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1997-இல் இதற்குப் பதில் சொன்னது. ஒரு பிரிவினர் நடந்தார்கள், இன்னொரு பிரிவினர் எடைப் பயிற்சி செய்தார்கள், மூன்றாம் பிரிவினருக்கு ஆரோக்கிய வகுப்பு மட்டும். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்த இரு பிரிவினருக்கும் வலி ஓரளவு குறைந்திருந்தது, நடமாட்டம் தேறியிருந்தது. எக்ஸ்ரேயில் மூன்று பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பயிற்சி மூட்டை மேலும் தேய்த்துவிடவில்லை.

2013-இல் இன்னொரு முடிவு வந்தது. தேய்மானத்தோடு ஜவ்வுக் கிழிவும் உள்ள 351 பேரில் ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சையோடு பிசியோதெரபி, மறுபாதிக்கு பிசியோதெரபி மட்டும். ஆறு மாதத்தில் இரு தரப்பின் முன்னேற்றமும் ஏறக்குறைய ஒன்றே. பிசியோதெரபி மட்டும் என்று தொடங்கியவர்களில் 30 சதவீதம் பேர் அதற்குள் அறுவை சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லா முட்டிக்கும் பயிற்சி போதாது. ஆனால் முதலில் அதை முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

நம் ஊர் பிசியோதெரபி அறைகளில் இரும்புக் காலணியை அதிகம் பார்க்க முடியாது. அதன் இடத்தில் கணுக்காலில் சுற்றிக் கட்டும் மணல் பட்டை இருக்கிறது. அரை கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வதில் தொடங்கி, பட்டைக்கு வருவார்கள். பெரும்பாலும் சறுக்குவது அதற்குப் பிறகுதான். வலி கொஞ்சம் விட்டதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் ஆறு மாதமானாலும் அதே அரை கிலோவைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கும் அந்தப் பட்டையைக் கட்டியிருந்தால், அடுத்த எடைக்கு எப்போது போகலாம் என்று உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.