மரக்குதிரையும் மட்டக்குதிரையும்

மருதனார்மடச் சந்தியில் நின்று வடக்கே நோக்கினால், காங்கேசன்துறை வீதி சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை எனத் தொடர்ந்து மாவிட்டபுரத்தை அடைகிறது. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்பது ஐதீகம். மா என்பது குதிரை. மா விட்ட புரம் மாவிட்டபுரம் ஆயிற்று என்பர். தெற்கே திரும்பினால் இணுவில். அங்கும், அதனைச் சூழ்ந்த ஊர்க் கோயில்களிலும், வேட்டைத் திருவிழாவன்று சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருள்வார். முன்னங்கால்கள் இரண்டும் அந்தரத்தில் நிற்கும் அந்தக் குதிரையைத் தோளிற் சுமப்போர் ஓடியும் குலுக்கியும் கொண்டு செல்வர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதன்முதலாகக் காணும் குதிரை பாயும் குதிரைதான். ஆனால் அது மரக்குதிரை.

உயிருள்ள குதிரைக்குப் பாயக் கற்பித்த மரபு நம்மிடம் உண்டா? இக்கேள்வி எனக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் வாழும் உறவினர் ஒருவரின் பேத்தி மட்டக்குதிரை ஏறிப் பழகுகிறாள். சென்ற முறை தொலைபேசியில் உரையாடியபோது, இளங்குதிரை ஒன்றுக்குத் தடை தாண்டக் கற்பிப்பது எவ்வாறு என்று அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினாள். எலும்பு முற்றும் வரை, அதாவது ஏறத்தாழ 4 வயது வரை, ஆளை ஏற்றிக்கொண்டு தாண்ட விடக்கூடாதாம். முதலில் நிலத்தில் ஒரு தடியை வைத்து அதன்மேல் நடத்த வேண்டும். பிறகு நான்கைந்து தடிகளைக் குதிரையின் காலடிக்கு ஏற்ற இடைவெளியில் வரிசையாக வைத்து மெல்ல ஓட்ட வேண்டும். அதன் பின்னரே, இரண்டு தடிகளைக் குறுக்காகச் சாய்த்து, ஓரடி உயரத்தில் ஒரு சிறு தடை. அனுபவமுள்ள கிழட்டுக் குதிரை ஒன்றை முன்னே போகவிட்டால் குட்டி அதனைப் பின்தொடரும். தாண்டும் கணத்தில் கடிவாளத்தை இழுத்தால் வாய் நோகும்; அந்த நோவையும் தாவலையும் குதிரை சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், மூக்கின் நேர் முன்னே உள்ளதை அது காண்பதில்லை. தடையை அண்மித்ததும் ஏறக்குறைய நம்பிக்கையின் பேரிலேயே அது தாவுகிறது.

குதிரை தாவும்போது ஏறியிருப்பவர் பின்னே சாய்ந்து கடிவாளத்தை இழுப்பதே ஐரோப்பாவிலும் நெடுங்கால வழக்கமாக இருந்தது. முன்னே குனிந்து, குதிரையின் கழுத்துக்கும் வாய்க்கும் விடுதலை கொடுக்க வேண்டும் என்று நிலைநாட்டியவர் ஃபெடெரிகோ கப்ரில்லி (1868-1907) என்ற இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி. உலகம் அதனைக் கற்று இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆகவில்லை.

நமக்குக் குதிரை புதிதன்று. கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பேசுகிறது. அநுராதபுரத்தைக் கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை வணிகனின் மைந்தர்கள் என்கிறது மகாவம்சம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ வேறொன்றையும் எழுதி வைத்தார். ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் மடிந்தன என்றும், விற்பனை குன்றிவிடக் கூடாதென்று வணிகர்கள் குதிரை மருத்துவம் அறிந்தவர்களை அங்கே வரவிடவில்லை என்றும் அவர் கூறுகிறார். பயணிகளின் கூற்றில் மிகை இருக்கும். ஆயினும் திருவரங்கத்துத் தூண்களில் பாயும் கற்குதிரைகளைச் செதுக்கிய கை, உயிர்க்குதிரையை விலைக்கு வாங்கும் கையாகவே பெரிதும் இருந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தின் குதிரைகள் நெடுந்தீவில் இருக்கின்றன. போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவற்றை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெருக்கினர். தீவுக்குத் தமது நகரான டெல்ஃப்டின் பெயரையும் சூட்டினர். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி சுவார்டெகுரோன் தமக்குப் பின் வருவோருக்கு எழுதி வைத்த நிர்வாகக் குறிப்பில் குதிரை வளர்ப்பும் ஒரு விடயம். கம்பனிக்கு அது வருவாய்க் கணக்கு. பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி தீவைப் பொறுப்பேற்று அவ்வேலையைத் தொடர்ந்தார். பின்னர் அரசு அதனைக் கைவிட்டது. குதிரைகள் எஞ்சின. லாயத்தின் இடிந்த தூண்களும் எஞ்சின.

பட்டணத்தில் குதிரை என்றால் அதிகாரம் என்று பொருள். 1905இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த லெனாட் வூல்ஃப் என்ற இளம் அதிகாரி, பிரதான வீதியில் குதிரைமேல் இருந்தபடி தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணச் சங்கத்தினர் ஆளுநரிடம் முறையிட்டனர். தாம் எதையோ சுட்டிக்காட்டவே சவுக்கை நீட்டியதாக வூல்ஃப் 1961இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதுகிறார். அவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குதிரைமேல் இருந்தவர் ஒருவர், வண்டியில் வந்தவர் மற்றொருவர். சவுக்கு எந்த உயரத்தில் இருந்தது என்பதை ஊர் மறக்கவில்லை. இவ்வாறிருக்கையில், குதிரையேற்றம் நம் பிள்ளைகளின் விளையாட்டாகும் என்று எவர் எதிர்பார்த்திருக்க முடியும்?

2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. எனினும் கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் மட்டக்குதிரைகள் நீரின்றி மடியும் செய்தியும் உடன் வருகிறது. ஒல்லாந்தரின் எச்சம், அரிய காட்சி என்றெல்லாம் சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுகின்றன. தீவில் வாழும் மக்களுக்கே நன்னீர் அரிது. அவர்களுடைய மாடுகளும் அதே நீரைத்தான் தேடுகின்றன. உரிமையாளன் இல்லாத குதிரைக்கு வாளி தூக்கிச் செல்வது யாருடைய கடமை என்பதை எந்தப் பிரகடனமும் எனக்குத் தெளிவாக்கவில்லை. பேத்தியின் குதிரைக்கு ஒரு பெயர் உண்டு, லாயம் உண்டு, வைத்தியர் உண்டு. கற்பித்தல் அதன் பிறகே தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றிருந்தேன். ஆவணி மாத வெயில். முருகைக்கல் அடுக்கிய வேலி ஒன்று இடுப்பளவுக்குச் சரிந்து கிடந்தது. தாய்க்குதிரை அதனைத் தாண்டி அப்பால் சென்றுவிட்டது. விலா எலும்பு தெரிய நின்ற குட்டி இருமுறை வேலியருகே வந்து திரும்பியது. மூன்றாம் முறை பின்வாங்கி ஓடிவந்து தாவியது. பின்னங்குளம்பு பட்டு இரண்டு கற்கள் உருண்டன. என்னுடன் வந்த தீவுக்காரரிடம், தாயைத் தேடித்தான் பாய்ந்ததோ என்று வினவினேன்.

“இல்லை ஐயா, அங்காலை ஒரு கேணி இருக்கு. தண்ணி கிடக்கோ தெரியாது” என்றார்.