இடம் மாறிய இதயமும் அசையாத பிசிர்களும்

மனிதரின் வலது சுவாசப்பைக்கு மூன்று சோணைகள், இடதுக்கு இரண்டு. மிகச் சிலருக்கு இந்த அமைப்பு கண்ணாடி விம்பம்போல் மாறிவிடுகிறது. மூன்று சோணை இடப்புறம், இதயம் வலப்புறம், ஈரல் இடப்புறம். 1788இல் லண்டனில் மத்தியூ பெய்லி இத்தகைய ஓர் உடலை அறுத்தாராய்ந்து விரிவாக எழுதினார். இவ்வாறு பிறந்தோரிற் பெரும்பாலானோர் எத்துன்பமுமின்றி வாழ்ந்து முடிக்கின்றனர்.

ஒரு பகுதியினருக்கு மட்டும் இருமலும் சளியும் ஆயுள் முழுதும் துணை. 1904இல் கியேவ் நகரில் சீவெர்ட் அப்படியொருவரைப் பதிவு செய்தார். 1933இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் மானெஸ் கார்ட்டஜெனர் நால்வரைக் காட்டினார். இடம் மாறிய உறுப்புகள், தீராத பீனிசம், சளி தேங்கி விரிந்து பழுதான சுவாசக் குழாய்கள் ஆகிய மூன்றும் ஒரே நோயின் கூறுகள் என்றார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. ஆனால், மூக்கடைப்புக்கும் இதயம் நிற்கும் பக்கத்துக்கும் என்ன உறவு?

விடை கடலிலிருந்து வந்தது எனலாம். 1959இல் சுவீடன் விஞ்ஞானி பியோன் அஃப்செலியுஸ், கடல் முள்ளெலியின் விந்து வாலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கி, உள்ளிருக்கும் நுண்குழாய்களில் சின்னஞ்சிறு கைகளைக் கண்டார். வாலை அசைப்பவை அவையே. அக்கைகளின் புரதத்துக்கு 1965இல் டைனீன் என்று பெயரிடப்பட்டது. 1976இல் அதே அஃப்செலியுஸ், விந்து அசையாத நான்கு ஆண்களைப் பற்றி எழுதினார். விந்து வாலைப் போன்றே கட்டமைந்தவை சுவாசக் குழாயிற் சளியை மேலே தள்ளும் பிசிர்கள். நோயாளரிடம் அக்கைகள் இல்லை! முளையத்திலும் பிசிர்களின் அசைவே இடம் வலத்தைத் தீர்மானிக்கிறது. அது இல்லாதபோது தீர்மானிப்பது தற்செயல் என்றும் அவர் ஊகித்தார். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலி முளையத்தில், பிசிர்கள் திரவத்தை இடப்புறமாகச் செலுத்துவதைக் கண்டு அவ்வூகத்துக்கு வலுச் சேர்த்தனர்.

இக்கதையில் என் மனதைத் தைப்பது ஒன்று. கார்ட்டஜெனர் 1975இல் மறைந்தார். தன் கேள்விக்கான விடையை ஓராண்டால் தவறவிட்டார்.

இன்னொன்று நம் வீடுகளுக்கு உரியது. தற்செயலே தீர்மானிப்பதால், இப்பிசிர்க் குறைபாடு உள்ளோரில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு இதயம் வழமையான இடத்திலேயே இருக்கும். எக்ஸ்றே படம் அவர்களைக் காட்டிக்கொடுக்காது. நிறைமாதத்திற் பிறந்தும் மூச்சுத் திணறிய குழந்தை, பிறந்தது முதல் நாள்தோறும் சளியோடு இருமுமானால், ஆஸ்துமா என்று சொல்லி அமைந்துவிடாமல் விசாரிப்பது நல்லது. இடம் மாறிய இதயம் வெறும் அடையாளமே. நோய் இருப்பது பிசிரில்.